மணி அடித்தவரும் இலக்கணம் எழுதியவரும்

எனக்கு எதையும் எழுதிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். கடைக்குப் போகச் சொன்னால்கூடச் சீட்டு வேண்டும். இதைப் பிறவிக் குணம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு யோசித்தபோது, வீட்டில் ஒட்டிய பழக்கம் என்று தெரிந்தது. அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளின் கணக்கு அவர் கையில். நான்கு கோடு நேராக, ஐந்தாவது கோடு குறுக்காக. ஐந்தைந்தாகக் கட்டிக் கட்டித் தாள் நிறையும். "காதுல கேட்ட கணக்கு காத்தோட போயிரும், கையால போட்ட கணக்குதான் கடைசிவரைக்கும் நிக்கும்" என்பார். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததும் அப்படித்தான்: வாசித்து, சுருக்கி எழுதி, தாளை மூடிவைத்து, மறுபடியும் எழுதுவது.

ஆசிரியர் பயிற்சி முடித்து, தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்து நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தபோது என் வகுப்பும் அதே போக்கில் அமைந்தது. கரும்பலகை நிறைய எழுதிப் போடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். இப்படித்தான் நடத்த வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பயிற்சியில் படித்த முறைகளை எல்லாம் முந்திக்கொண்டு, பத்து வயதில் நானாகப் பழகிய முறை கைக்கு வந்துவிட்டது. மற்ற ஆசிரியர்களும் இதற்கு விலக்கில்லை. பாட்டாகவே படித்து வளர்ந்தவர் பாட்டாகவே நடத்துவார். படம் போட்டுப் புரிந்துகொண்டவர் சாக்பீஸை எடுத்ததும் படம்தான் போடுவார். வராந்தாவில் நின்று ஒரு வகுப்பைக் கொஞ்ச நேரம் கேட்டால், அந்த ஆசிரியர் சின்ன வயதில் எப்படிப் படித்திருப்பார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எங்கள் கரைக்கு இது பழைய கதை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்து செபங்களைத் தமிழாக்கினார். அந்தத் தமிழை அப்படியே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு ஊருக்குள் நடந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். அவர் ஒரு வரி சொல்வார். கூட்டம் திருப்பிச் சொல்லும். தான் காதால் வாங்கி வாயால் திருப்பிக் கற்ற வழியிலேயே ஊருக்கும் கற்றுக்கொடுத்தார். 1544-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரித்திருக்கிறார். கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளை அனுப்பியதையும் அதில் சொல்கிறார்.

அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து இதே கரைக்கு வந்தவர் அன்றீக்கு அடிகளார் என்று நாம் சொல்லும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். இவர் தமிழைக் கற்றது வேறு வழியில். காதில் விழுந்ததை வகைப்படுத்தி எழுதினார்: எந்தச் சொல்லுக்கு எந்த வேற்றுமை உருபு, எந்த வினை எந்தக் காலத்தில் எப்படித் திரிகிறது என்று. அந்த முயற்சி போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமாக வளர்ந்தது. அவர் மற்றவர்களுக்குக் கொடுத்ததும் எழுத்தாகத்தான். 1578-இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில், இந்தியாவிலேயே அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் அது. 1586-இல் 'அடியார் வரலாறு' வந்தது. 1600-இல் புன்னைக்காயலில் இறக்கும்வரை அவர் இந்தக் கரையை விட்டு அகலவில்லை என்றே சொல்லலாம்.

இருவரில் யார் வழி உயர்ந்தது என்று, பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வரும் மாணவ ஆசிரியர்கள் கேட்பதுண்டு. செபத்தைப் பிசகாமல் ஒப்பிக்க மணியும் குரலும் போதும். அந்தச் செபத்திலிருந்து ஒரு வினைச்சொல்லை எடுத்து, சந்தையில் பேரம் பேச ஒரு வாக்கியம் அமைக்க வேண்டுமானால் இலக்கணம் தேவை. கற்கும் ஆளைப் போலவே கற்கப்படும் பொருளும் வழியைத் தீர்மானிக்கிறது. ஆசிரியர் தொழிலில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பாடம் இதுதான். வகுப்பறைக்குள் அது எனக்கு விளங்கிய விதத்தைச் சொல்கிறேன்.

ஒருமுறை பணியிடைப் பயிற்சியில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். புதிய ஊரில் வழி தெரிய வேண்டுமானால் படம் பார்ப்பீர்களா, ஆளிடம் கேட்பீர்களா, எழுதி வாங்கிக்கொள்வீர்களா, நடந்தே கண்டுபிடிப்பீர்களா என்கிற மாதிரிக் கேள்விகள். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் 1987-இல் உருவாக்கிய வினாநிரலைத் தழுவியது அது. பார்வை, செவி, வாசிப்பும் எழுத்தும், செயல் என்று நான்கு வகை. நான் எதில் விழுவேன் என்பது படிவத்தை நிரப்பும் முன்பே தெரிந்ததுதான். பயிற்றுநர் அடுத்துச் சொன்னார்: "பள்ளிக்குப் போய் உங்க பிள்ளைங்களுக்கும் இதைப் பண்ணுங்க. யார் எந்த வகைன்னு பிரிச்சுக்கிட்டு, அதுக்கேத்த மாதிரி பாடம் எடுங்க."

அவர் செய்யச் சொன்ன முதல் பாதி எனக்கு மிகவும் பயன்பட்டது. என் கரும்பலகைக்குக் காரணம் பாடத்தின் தேவை அல்ல, என் கையின் பழக்கம் என்று அந்தப் படிவம்தான் காட்டியது. இரண்டாவது பாதியை ஆராய்ச்சி தாங்கவில்லை. 2004-இல் இங்கிலாந்தில் ஃபிராங்க் காஃபீல்ட் தலைமையிலான குழு, கற்றல் பாணிகளைப் பற்றி 71 மாதிரிகள் புழங்குவதாகப் பட்டியலிட்டது. எழுபத்தொரு விதமாகப் பிரிக்க முடிகிறது என்றாலே பிரிவினை எவ்வளவு தளர்வானது என்று ஊகிக்கலாம். 2008-இல் ஹெரால்ட் பாஷ்லரும் ராபர்ட் பியோர்க்கும் மற்றும் இரு அமெரிக்க உளவியலாளர்களும் சேர்ந்து எழுதிய ஆய்வுரை, மாணவரின் பாணிக்குப் பொருத்தி நடத்தினால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு என்பதை அவர்கள் மறுக்கவில்லை. விருப்பமானது வேறு, பலிப்பது வேறு. இந்தப் பேச்சில் அடிக்கடி இழுக்கப்படும் பெயர் ஹோவர்ட் கார்ட்னர். அவர் 1983-இல் எழுதிய பன்முக அறிவுத் திறன்கள் என்ற கருத்தும் கற்றல் பாணியும் ஒன்றல்ல என்று அவரே பின்னாளில் விளக்க வேண்டியதாயிற்று.

கட்டுரைகளில் வாசித்ததை வகுப்பில் பார்த்த இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு.

முதலாவது ஏழாம் வகுப்பு வடிவியல். வெட்டும் கோடுகள். இரு நேர்கோடுகள் வெட்டிக்கொண்டால் ஒரே புள்ளியில்தான் வெட்டும் என்று எழுதிப் போட்டிருந்தேன். சங்கு குளிப்பவரின் மகன் ஒருவன், வாசிக்கத் திணறுகிறவன், பக்கத்துப் பையனிடம் முணுமுணுத்தான். "என்னல?" என்றேன்.

"சார், எங்கப்பா பார் கண்டுபிடிக்கது இப்படித்தான்" என்றான். பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. முத்துச்சிப்பி படுவது அங்கேதான். கருவி எதுவும் இல்லாமல் நடுக்கடலில் அந்த இடத்தைப் பிடிக்கும் முறையை அவன் எழுந்து நின்று சொன்னான்.

"பனிமய மாதா கோயில் கோபுரமும் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் ஒண்ணா நின்னா ஒரு கோடு. அது மட்டும் பத்தாதுல்லா சார்? அந்தக் கோட்டுலயே எவ்வளவு தூரம் வேணாலும் போலாமே. இந்தப் பக்கம் எங்கூர்க் கோயில் சிலுவையும் ஒத்தப் பனையும் ஒண்ணா வரணும். ரெண்டும் சேர்ந்து வந்துட்டுன்னா அடியில பார் கெடக்கும்."

வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். ஒரு பக்கம் இரண்டு கம்பு, இன்னொரு பக்கம் இரண்டு கம்பு நட்டோம். முன்கம்பு பின்கம்பை மறைக்கும் வரை நடக்க வேண்டும். அந்தக் கோட்டை விடாமல், மற்ற இரண்டு கம்பும் ஒன்றாகும் வரை நகர வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு மூலையிலிருந்து புறப்பட்டது. எல்லோரும் வந்து நின்றது ஒரே இடம். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுப் பார்த்தபோது இரண்டு கோடும் அவர்கள் காலடியில்தான் வெட்டின. புத்தகத்தை விட்டு எழுந்திருக்காத பெண்பிள்ளைகளுக்கும் அது அன்றைக்குப் பளிச்சென்று புரிந்தது. நடந்து கற்றது ஒரு 'வகை'ப் பிள்ளைகளுக்கு மட்டும் உதவவில்லை, பாடமே அப்படிப்பட்டது.

அடுத்த வாரம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மைதானத்திலிருந்து திரும்பியதும் பாதி வகுப்பை மட்டும், நடந்ததைப் பார்க்காமல் நோட்டில் வரையச் சொல்லியிருந்தேன். மீதிப் பேருக்கு நேரம் இல்லாமல் மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் கேட்டபோது, வரைந்தவர்கள் கோட்டையும் புள்ளியையும் சரியாகச் சொன்னார்கள். நடந்ததோடு நின்றவர்களுக்கு விளையாட்டு நினைவிருந்தது, கணக்கு நினைவில்லை. சங்கு குளிப்பவரின் மகனும் அதில் அடக்கம். கடலில் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்த விஷயம், தாளில் அளவோடு வரையச் சொன்னதும் நழுவியது. அவனுக்குக் கோலும் பென்சிலும் வேண்டியிருந்தது. நோட்டுப் பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டியிருந்தது. யாருக்கு எது பழக்கமில்லையோ அதைக் கொடுத்தபோதுதான் பாடம் முழுமையாயிற்று.

இரண்டாவது, முத்து. சுவாதி நட்சத்திரத்தன்று சிப்பிக்குள் விழும் மழைத்துளி முத்தாகிறது என்று பாட்டிமார் சொன்ன கதையோடுதான் எங்கள் பிள்ளைகள் வகுப்புக்கு வருவார்கள். கடற்கரைப் பிள்ளைகள், தொட்டுப் பார்த்துக் கற்பவர்கள் என்று நாம் நினைப்பவர்கள். சிப்பியைக் கையில் கொடுத்தேன். திறந்தார்கள், தடவினார்கள், உட்புறம் மினுங்குவதைக் காட்டினார்கள். முத்து எப்படி உருவாகிறது என்பதைக் கை சொல்லவில்லை. மென்சதைத் துணுக்கோடு ஒரு சிறு பொருள் சிப்பியின் உடலுக்குள் மாட்டிக்கொள்வதையும், அதைச் சுற்றி ஏடு ஏடாகச் சுண்ணாம்புச் சத்து படிவதையும் கரும்பலகையில் குறுக்குவெட்டுப் படமாக வரைந்த பிறகே விளங்கியது. 1973-இல் நம் தூத்துக்குடியில்தான் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி இந்தியாவில் முதன்முதலாகக் கடல் சிப்பியில் முத்தை வளர்த்தெடுத்தார், அவர் செய்தது இந்தப் படத்தில் இருப்பதைத்தான் என்று சொன்னேன். "அப்போ மழைத்துளி?" என்று ஒரு பெண் கேட்டாள். அதற்கும் விடை படத்திலேயே இருந்தது. அவளே வந்து சுட்டிக்காட்டினாள்.

செய்யுளும் வாய்ப்பாடும் காது வழி போகிற பாடங்கள். அவற்றை நான் எழுதிப் போடுவதில்லை. சவேரியார் வழிதான்.

இந்தக் கரையின் பழந்தொழிலை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். அங்கே யாரும் பயிற்சிக்கு வருகிறவனை வகை பிரிப்பதில்லை. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்கு முன் குளித்தவர்களைப் பற்றிய பேச்சு எங்கள் ஊர்த் திண்ணைகளில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. கல்லைக் கட்டி இறங்குகிறவரின் உயிர் மேலே கயிறு பிடிப்பவர் கையில். அதனால் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். சங்கு குளிக்க வருகிற பையன் எடுத்த எடுப்பில் நீருக்குள் போவதில்லை. முதலில் படகில் இருந்து கயிற்றைப் பிடித்து, அதன் அசைவைக் கையால் படிக்கிறான். எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும், எதில் தெளியும் என்று பெரியவர்கள் பேசுவதைக் காதால் கேட்கிறான். கரை அடையாளங்களைக் கண்ணால் பழகுகிறான். பிறகுதான் தலை நனைகிறது. கை, காது, கண் மூன்றும் ஒரே ஆளுக்கு, வேலைக்கு எது எப்போது தேவையோ அந்த வரிசையில். 'நீ செவி வகை, உனக்குக் கயிறு வேண்டாம்' என்று எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டார். சொன்னால் உயிர் போகும்.

வகுப்பறையில் அப்படிச் சொன்னால் உயிர் போகாது. வேறு ஒன்று போகும். பயிற்சிகளிலும் கூட்டங்களிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு இது: "இவங்க மீனவப் பிள்ளைங்க, செய்முறை வகை, எழுத்துல ரொம்ப இழுக்காதீங்க." உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பற்றியும் இதே வாக்கியம். வெயிலில் பாத்தி மிதிக்கும் தாய், மகளுக்குப் பாத்தி வேண்டாம் என்றுதான் பள்ளிக்கு அனுப்புகிறாள். அவளை 'செயல்வழி மாணவி' என்று பதிவேட்டில் எழுதி, பத்தி வாசிப்பதிலிருந்து விலக்குவது கரிசனம் போலத் தோன்றும். கைவேலைக்குத்தான் லாயக்கு என்று முன்பு பச்சையாகச் சொன்னதை இப்போது பயிற்சி மொழியில் சொல்கிறோம், அவ்வளவுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் பிள்ளையின் படிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அதற்காகப் பிரிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை வைத்துப் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆந்திராவின் ரிஷிவேலி அனுபவத்தைப் பின்பற்றித் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 வாக்கில் எங்கள் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. கீழ்மட்டக் கரும்பலகை, பாய், கற்றல் அட்டைகள், பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். அதில் எனக்குப் பிடித்தது ஏணிப்படி. ஒரு பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அதற்கே தெரிந்தது; அடுத்த அட்டையை அதுவே எடுத்தது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் அதே வழி. பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும் என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். அரும்பில் இருக்கும் பிள்ளை தை மாதம் மொட்டுக்குப் போகலாம். 'செயல் வகை' என்று பெயர் வைத்த பிள்ளை எங்கே போகும்?

நம் முன்னோருக்கும் இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. பவணந்தியாரின் நன்னூல், மாணாக்கரை அன்னம், பசு, ஓட்டைக்குடம், எருமை என்றெல்லாம் தரம் பிரிக்கிறது. ஆசிரியர் கூட்டங்களில் மேற்கோள் காட்டிச் சிரிப்பதற்கு அந்தப் பகுதியைத்தான் எடுப்போம். அதே நூல் ஆசிரியருக்குச் சொல்வதை எடுப்பதில்லை. கேட்பவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்று அறிந்து, பொறுமையாக, முகமலர்ச்சியோடு சொல் என்கிறது. அதைவிடக் கூர்மையானது அது போடும் கணக்கு. ஆசிரியர் சொன்னதை நன்றாக மனதில் கொண்டாலும் கால் பங்குதான் சேரும். கூடப் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. இதில் அன்னத்துக்கு ஒரு கணக்கு, எருமைக்கு ஒரு கணக்கு என்று இல்லை. எல்லோருக்கும் ஒன்றுதான். சவேரியார் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்ததன் பலமும் அங்கேதான் இருக்கிறது. படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொன்னால், திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நெடுநாள் நிற்கும் என்று 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் சோதனையில் காட்டியதும் இதற்கு நெருக்கமான விஷயம். என் அப்பா சொன்னதில் உண்மை இருந்தது, காரணம்தான் வேறு. கை எழுதியதால் நிற்கவில்லை. தாளை மூடியதால் நின்றது.

இப்போது பாடக்குறிப்பு எழுதும்போது மூன்று கேள்விகளை ஓரத்தில் போட்டுக்கொள்கிறேன். இந்தப் பாடம் எதைக் கேட்கிறது: காதா, கண்ணா, காலா, பென்சிலா? என் பழக்கம் என்னை எந்தப் பக்கம் இழுக்கிறது? வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் எதையும் பார்க்காமல் யாருக்கு இதைச் சொல்லப்போகிறது? மூன்றாவது கேள்விக்கு இடம் இல்லாவிட்டால் பாடத்தைச் சுருக்குகிறேன், கேள்வியைச் சுருக்குவதில்லை. நடுவில் எந்த முறை வந்தாலும், கடைசி ஐந்து நிமிடம் பக்கத்திலிருப்பவருக்குப் பாடம் எடுப்பது எங்கள் வகுப்பில் வழக்கமாகிவிட்டது. சத்தம் அதிகம்தான். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

பயிற்சிக் கல்லூரிகளிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வரும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. கற்றல் பாணிப் படிவத்தை முதலில் நீங்கள் நிரப்புங்கள், நேர்மையாக நிரப்புங்கள். நாளை நீங்கள் வகுப்பில் எதை அளவுக்கு மீறிச் செய்வீர்கள், எதைத் தொடாமலே விடுவீர்கள் என்று அது சொல்லிவிடும். அதோடு அந்தப் படிவத்தின் வேலை முடிந்தது. பிள்ளைகளிடம் அதைக் கொடுக்காதீர்கள். அவர்கள் எந்த வகை என்று யாராவது கேட்டால், எல்லா வகையும் என்று சொல்லுங்கள்.